மதுவினால் மதி கெட்டவன் குற்றவாளியோ?

குடிகாரன் பேச்சு விடிந்தாற் போச்சு என்பது நம் நாட்டில் எல்லோர் வாயிலும் வழங்கும் பழமொழி. இதனைச் சொல்வோர் குடியனைப் பழிக்கின்றார்களாயினும் அவனுக்கு ஒரு சலுகையையும் அளித்துவிடுகின்றார்கள். இரவில் மயங்கிய அறிவு விடியற்காலையில் தெளியும், தெளிந்தவன் பழைய மனிதனாகவே எழுந்திருப்பான் என்னும் நம்பிக்கை இப்பழமொழியின் உள்ளே மறைந்து கிடக்கின்றது. என்றோ ஒருநாட் குடித்தவனுக்கு இது பொருந்தும். இருபது முப்பது வருடம் இடைவிடாது குடித்தவனுக்கும் பொருந்துமோ? விடிந்தும் போகாத கேடு ஒன்று அவனிடத்தில் தங்கிவிடுகின்றதோ? தங்குமாயின், அவன் பின்னர்ச் செய்யும் பிழைகளுக்கு அவனைக் குற்றவாளியென்று கூறுதல் தருமமாகுமோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இது வீண் தருக்கமன்று. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தீவுப்பகுதியில் எவ்வூருக்குச் சென்றாலும் இத்தகைய ஒருவரைப் பற்றி உறவினர் இரு கட்சியாய் நின்று வழக்காடுதலைக் கேட்கலாம். “எல்லாம் கொழுப்பு, மனம் வைத்தால் நாளைக்கே விடலாம்” என்பது ஒரு கட்சி. “அது ஒரு வருத்தம், அவன் என்ன செய்வான்” என்பது மற்றது. முதற் கட்சியார் வைவர், அடிப்பர், அறையிற் பூட்டுவர். இரண்டாங் கட்சியார் இரங்குவர். இரங்கி, அவன் கைநடுக்கந் தீரட்டுமென்று தாமே காசுங் கொடுத்துவிடுவர். இருவருக்குமிடையில் அகப்பட்டு நைபவள் மனைவி. அவளிடத்தில் எவரும் அபிப்பிராயங் கேட்பதில்லை.

உண்மையை அறியாது நியாயம் பேசுதல் தகாது. ஆதலின் நெடுங்காலக் குடி மூளையை என்ன செய்கின்றது என்பதை முதலிற் காண்போம். அதற்கும் முன்னர் ஒரு பொய்யை அகற்றுதல் வேண்டும். நாம் மிஷன் பாடசாலையில் மாணாக்கராயிருந்த காலத்தில் ஓர் ஆசிரியர் கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையின் வெண்கருவை ஊற்றி, அதன்மேல் மதுசாரத்தை விட்டுக் காட்டுவார். வெண்கரு வெளுத்துத் திரையும். “குடிப்பவனுடைய மூளையும் இப்படித்தான் அவிந்துபோகும்” என்பார். ஒரு கோப்பை குடித்தாற் பல்லாயிரம் மூளையணுக்கள் மாளும் என்று மேடைகளிற் பேசுவோர் இன்றும் உளர். இவை மெய்யல்ல. வெறிமிகுந்தவனுடைய இரத்தத்திலும் மதுசாரம் நூற்றில் அரைப்பங்கிலுங் குறைவாகவே இருக்கும். கிண்ணத்தில் ஊற்றிய சுத்தமான மதுசாரத்தை அதற்கு உவமை காட்டுதல் முறையன்று. தீமையை விலக்குதற்குச் சொல்லும் பொய் குற்றமாகாதே என்பாரும் உளர். அப்பொய்யைக் கேட்டு வளரும் பிள்ளை, பத்து வருடம் குடித்தும் கணக்குப் பிழையாமல் வியாபாரஞ் செய்யும் தன் மாமனைக் காண்கின்றான். கண்ட பின்பு ஆசிரியர் சொன்ன மெய்யையும் நம்பானாகின்றான். மதுவிலக்குப் பேசுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

இனி மெய் யாதெனில்: மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு வைத்தியங் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர் 1872 ஆம் ஆண்டில் மனுஷ அங்காதிபாதம் என்னும் நூலை வெளியிட்டு, நம்மவர் மூளையின் அமைப்பைத் தாய்மொழியிலேயே கற்கச் செய்தார். அக்காலத்தில் எவரும் அறியாதிருந்த பல செய்திகள் பின்னர் வெளிப்பட்டன. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள. அவற்றின் உடல்கள் சாம்பனிறப் பகுதியிலும், அவற்றை ஒன்றோடொன்று தொடுக்கும் நெடிய இழைகள் வெண்ணிறப் பகுதியிலும் உள்ளன. அவுஸ்திரேலியாவிற் கிளைவ் ஹார்ப்பர் என்பவரும் அவருடன் உழைத்தோரும், நெடுங்காலம் மிகக் குடித்து இறந்தோரின் மூளைகளைச் சோதித்து, முன்மூளையின் மேற்பாகத்தில் நரம்பணுக்கள் நூற்றுக்கு 22 அளவில் அருகியிருந்தன என்று 1987 ஆம் ஆண்டில் எழுதினர். 1993 ஆம் ஆண்டில் டென்மார்க்கில் வேறு சிலர் மூளையின் மேற்புறணி முழுவதையும் கணக்கிட்டு, அணுக்களின் மொத்தத் தொகையிற் பெரும் வேற்றுமை காணவில்லை, வெண்ணிறப் பகுதியே குறைந்திருந்தது என்றனர். இரண்டையும் சேர்த்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். மது மூளை முழுவதையும் ஒரு சீராய் அரிப்பதன்று. அது அணுக்களைத் தொடுக்கும் இழைகளை மெலிவிக்கின்றது. அணுக்களைக் கொல்லுமிடத்தும் எல்லாவிடத்தும் ஒருபடியாகக் கொல்லாது முன்மூளையில் மிகுதியாகக் கைவைக்கின்றது. நடையைச் சமன்செய்யும் சிறுமூளையும் அதனாற் கெடும். குடியாத வேளையிலும் கால்களை அகல வைத்துத் தள்ளாடி நடப்பாரைக் கண்டு நகைப்போர், அது வெறியன்று, மூளையின் அழிவு என்பதை அறிதல் வேண்டும்.

முன்மூளையின் தொழில் யாது? வருவதை முன்னறிதல், எழுந்த ஆசையை நிறுத்திப் பார்த்தல், சொன்ன சொல்லை நினைந்து அதன்படி நிற்றல் ஆகிய இவற்றிற்கெல்லாம் அதுவே கருவி. எனவே, குடியை விடுவதற்கு எது வேண்டுமோ அதனையே குடி முதலில் மெலிவிக்கின்றது. வேலி காக்கும் நாயை முன்னர்க் கொன்றுவிட்டுப் பின்னர் உள்ளே நுழையும் கள்வனைப் போல்வது இது.

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவனார் ஒரு வினா எழுப்புகின்றார். தான் குடியாதிருக்கும் வேளையில், குடித்து மயங்கிய வேறொருவனைக் காண்பவன், தன் சோர்வும் இத்தன்மையதே என்று எண்ணிப் பாரானோ என்பது அதன் கருத்து. குடிக்கு அறிவுரை கூறப் புகுந்தார் பலருள்ளும், குடியனுடைய தெளிந்த வேளையை நோக்கிப் பேசியவர் அவர். தெளிந்த வேளை ஒன்று இருக்குமட்டும் அவ்வினாவுக்கு விடையும் உண்டு. அவ்வேளையிலும் எண்ணிப் பார்க்கும் ஆற்றல் குன்றிவிட்டதேல், காண்பான். ஆயின் கண்டதைத் தன்மேல் ஏற்றிப் பார்க்க மாட்டான். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரமே நம் வினாவின் முழுப்பொருளுமாம்.

மூளையைக் கெடுப்பது மது மாத்திரமன்று; மதுவினால் வரும் பட்டினியுமாம். 1881 ஆம் ஆண்டில் ஜெர்மனியிற் கார்ல் வெர்ணிக்கே என்னும் வைத்தியர், கண்ணசைவு கெட்டு, நடை தள்ளாடி, மனங் குழம்பி இறந்த மூவரைப் பற்றி எழுதினார். இருவர் குடியர். மூன்றாமவளோ கந்தகத் திராவகத்தைக் குடித்து, அதனால் உண்ட உணவு தங்காது வாந்தியெடுத்து மெலிந்த இளம்பெண். குடியனுக்கும் அவளுக்கும் பொதுவானது யாது என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. யாவாத் தீவிலே கிறிஸ்தியான் எயிக்மான், தீட்டிய வெள்ளரிசியையே தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுதலையும் தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றவை தேறுதலையுங் கண்டார். 1929 ஆம் ஆண்டில் அவர்க்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தவிட்டிலுள்ள அப்பொருளே பிற்காலத்தில் தயமின் அல்லது விற்றமின் பி1 எனப் பெயர்பெற்றது. அது தேகத்திற் சில கிழமைகளுக்கு மேல் நில்லாது. குடிப்பவன் சோற்றை வெறுக்கின்றான். உண்டதிலுள்ள தயமினையும் குடல் ஏற்காதபடி மது தடுக்கின்றது. ஈரல் அதனைச் சேமித்து வைக்கும் ஆற்றலையும் கெடுக்கின்றது. நம் முன்னோர் புழுங்கலரிசியையும் தீட்டாத அரிசியையும் உண்டமையால் இக்குறை ஓரளவு தணிந்திருத்தல் கூடும். வெள்ளைப் பச்சையரிசிக்கு மாறிய குடியனுக்கு அக்காவலும் இல்லை. அவுஸ்திரேலியாவில் இக்கேடு மிகுந்தமை கண்டு, பாணுக்குரிய மாவிலே தயமினைச் சேர்க்க வேண்டுமென்று 1991 ஆம் ஆண்டில் விதித்தனர். அதன் பின்னர் அந்நோய் அங்கே குறைந்தது.

இக்குறைக்குக் காலத்தில் மருந்திடாவிடின் வருவது ஞாபகநாசம். மொஸ்கோவிற் சேர்ஜி கோர்சாகோவ் 1887 ஆம் ஆண்டு முதல் இதனை விரித்தெழுதினார். இந்நோயாளரிற் பலர் நேற்று நடந்ததை அறியார். அறியாத இடத்தைத் தாமறியாமலே புனைந்து நிரப்புவர். இத்தகையார் ஒருவரைத் தீவுப்பகுதியில் நாம் பலமுறை கண்டு பேசியிருக்கின்றோம். முன்னாளிலே தென்னிலங்கையிற் கடை நடத்தியவர். அக்காலத்து அரிசி விலையையும் சீனி விலையையும் பிழையின்றிச் சொல்வார். காலையில் உண்டது யாதென அறியார். “ஐயா, நேற்று எங்கே போயிருந்தீர்கள்?” என்று வினவினோம். “நயினாதீவுக் கொடியேற்றத்துக்குப் போய், தீர்த்தமாடி வந்தேன்” என்றார். அம்மன் கோயில் உற்சவம் ஆனியில். நாம் கேட்டது தை மாதத்தில். பக்கத்தில் நின்ற மனைவியார், “எல்லாம் பொய், வாத்தியார். அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய்” என்றார்.

அவ்வம்மையார் கூறியதை நெடுநாள் எண்ணியிருக்கின்றோம். அன்றைக்குச் சொன்னது பொய்யே. பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கென்று வாங்கிய காசைத் தவறணையிற் கொடுத்துவிட்டுக் களவு போயிற்று என்றவர், மெய் இதுவென அறிந்து அதனை மறைத்தார். இன்றைக்குச் சொல்வது பொய்யன்று. பொய் சொல்வதற்கு மெய் எதுவென்று தெரிந்திருத்தல் வேண்டும்; அவர்க்கு அது தெரியவில்லை. வெளியே நின்று கேட்பவர்க்கு இரண்டும் ஒரே சொல். தருமத்தின் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு. ஆயினும் பின்னதை மன்னிக்க வேண்டுமென்பதற்காக முன்னதையும் மன்னிக்கும்படி அவ்வம்மையாரைக் கேட்க நமக்கு வாயெழவில்லை. கேட்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை.

மூளை கெட அறிவுங் கெடுமாயின் ஆன்மா என ஒன்று எதற்கு, மூளையே மனிதன் என்று சொல்லிவிடலாமே, அப்பொழுது பழியும் இல்லை புண்ணியமும் இல்லை என இளைஞர் சிலர் வினவுகின்றனர். சித்தாந்தம் இதற்கு அஞ்சுவதன்று. உயிர் கருவிகளைக் கொண்டே அறிவது என்பதும், கருவி ஓய்ந்தவிடத்து அறிவு விளங்காது என்பதும் நம் ஆசிரியர்கள் முன்னரே கண்டவை. மூளையே அந்தக்கரணம் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் கருவி பழுதுபட்டமையால் உயிர் இல்லையென்று முடித்தல், சிமினி புகைபடிந்தமையால் விளக்கில் எண்ணெய் இல்லையென்று முடித்தல் போலாம். தன் விளக்கைத் தானே உடைத்தவன் இருளில் இடறி விழுவானாயின், இடறிய பிழையினும் உடைத்த பிழையே பெரிது. கிரேக்க தேசத்து அரிஸ்தோத்திலும் இக்கருத்தினரே. வெறியிற் குற்றஞ் செய்தவனுக்கு இரட்டைத் தண்டம் விதித்த மித்திலீன் நகரத்துப் பித்தாக்கஸ் என்பவனின் சட்டத்தை அவர் எடுத்துக் காட்டுகின்றார். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ, தன் விருப்பத்துக்கு மாறாகவேனும் தான் அறியாமலேனும் குடிப்பிக்கப்பட்டு மதியிழந்தவனைக் குற்றத்தினின்று விடுவிக்கின்றது. தானே விரும்பிக் குடித்தவனுக்கு அச்சலுகை இல்லை.

தானே விரும்பி என்னும் அச்சொல்லை ஆராய்வோம். முதற்கோப்பையை விரும்பியது யார்? முன்மூளை முதிர்ச்சியடைய ஏறத்தாழ 25 வயது செல்லும் என்பர் இக்கால வைத்தியர். பதினான்கு வயதில் மாமனோ சிற்றப்பனோ கலியாண வீட்டுக் கொட்டிலின் பின்புறத்திற் சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்ததைக் குடித்த பையன், எதனைக் கொண்டு விரும்பினான்? விரும்புதற்குரிய கருவியே அவனிடத்தில் முற்றவில்லை. 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்றலாகாதென 2006 ஆம் ஆண்டுச் சட்டங் கூறுகின்றது. சட்டம் தவறணையின் வாசலில் நிற்கின்றது. கலியாண வீட்டின் கொட்டிலுக்கு வருவதில்லை. செத்த வீட்டிலும் இப்பொழுது போத்தல் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர், ஊரிலுள்ளவனுக்குச் செய்யும் உபகாரமாக எண்ணி விலையுயர்ந்த போத்தலைக் கையிற் கொடுத்துவிட்டு விமானமேறுகின்றனர்.

பழைய மதுவிலக்குப் பிரசங்கிகள் இவ்விடத்திற் பனையேறுந் தொழிலாளரைப் பழித்தனர். இஃது அநீதியென்பது நம் துணிபு. பனை தருவது இனிய நீர். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அது கருப்பநீராய் நின்று பனங்கட்டியும் ஆகும். தடவாவிடிற் சில மணிநேரத்திற் புளித்துக் கள்ளாகும். சுண்ணாம்பு தடவுவதும் தடவாததும் ஏறுபவனுடைய விருப்பமன்று, வாங்குபவனுடைய விருப்பம். திண்ணையில் இருந்து வாங்கிக் குடித்தவர் குலப்பெருமை பேச, மரத்திலேறி உயிரைப் பணயம் வைத்தவன் பழி சுமந்தான். 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டந்தொட்டு இன்றுவரை அரசிறையிற் பெரும்பங்கு மதுவரியினால் வருவதையும் மறத்தலாகாது.

அன்றியும் தீவுப்பகுதிக்கே உரிய ஒரு துயரம் உண்டு. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போரினால் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையினர் வீடுவாசலை விட்டு நீங்கினர். பலர் திரும்பவேயில்லை. திரும்பினவருட் சிலர், கூரையற்ற சுவர்களின் நடுவே இரவைக் கழிப்பதற்கு மதுவைத் துணைக்கொண்டனர். அவர்களை நோக்கி, நீ விரும்பித்தானே குடித்தாய் என்பதற்கு நமக்கு நாவெழுமோ? அவர்கள் வருந்திய இரவுகளில் நாம் எங்கே இருந்தோம் என்று அவர்கள் திருப்பிக் கேட்பின் விடை யாது?

எனவே குற்றம் இல்லையென்று நாம் கூறவில்லை. அதன் இடத்தையும் காலத்தையும் பிரித்தறிதல் வேண்டுமென்கின்றோம். தெளிந்த வேளை நிறைந்திருந்த ஆரம்ப வருடங்களில் அவன் பொறுப்பு முழுமையானது. கருவி தேயத் தேய அவன் பொறுப்புச் சுருங்குகின்றது; சுருங்கிய அளவு அவனைச் சூழ்ந்திருக்கும் தெளிந்தவர்களின் பொறுப்பு விரிகின்றது. பொறுப்பு ஒருவனிடமிருந்து மறையுமாயின் வேறொருவரிடத்திற் போய் நிற்கின்றது. இரண்டாங் கட்சியார் இதனை அறிந்திலர். நோய் என்று பெயரிட்டவுடன் தம் கடமை தீர்ந்ததென எண்ணினர். நோயாயின் அன்றோ கடமை தொடங்குகின்றது.

அக்கடமை பயனற்றதுமன்று. மது நீங்கினாற் சுருங்கிய மூளை ஓரளவு மீண்டும் நிறைதலைக் கனடாவில் 1978 ஆம் ஆண்டிலேயே மூளைப்படமெடுத்துக் கண்டனர். இறந்த அணுக்கள் மீளா. மெலிந்த இழைகள் சில மாதங்களிலும் வருடங்களிலும் தேறும். ஞாபகநாசம் வந்தவரினும் உரிய காலத்தில் தயமின் ஏற்றப்பட்டவர் சிலர் தேறுகின்றனர். இங்கிலாந்தில் 550 பேரை 1985 முதல் 30 வருடம் தொடர்ந்து நோக்கி, அளவாய்க் குடிப்பவரென்று பெயரெடுத்தாரிடத்தும் ஞாபகத்துக்குரிய மூளைப்பாகம் சுருங்கியிருத்தலை 2017 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆதலின் நான் அளவோடு குடிப்பவன் என்பாரும் இக்கதையிற் புறத்தே நிற்பவரல்லர்.

இனி, பக்தியினால் நிகழும் ஓர் ஆபத்தைக் கூறாது விடல் தகாது. மிகக் குடிக்கும் ஒருவரை உறவினர் நயினாதீவு அம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்று, இனித் தொடமாட்டேன் என்று சத்தியஞ் செய்விக்கின்றனர். விரதம் நன்று; உபவாசமும் சேர்த்துவிடுகின்றனர். மது மூளையை அமுக்க, மூளை அதற்கு எதிர்நின்று தன் எழுச்சியைப் பெருக்கிக்கொள்கின்றது. பாய்த்தோணியைக் காற்று ஒருபுறஞ் சாய்க்க, ஆட்கள் எதிர்ப்புறத்தில் ஏறியிருந்து சமன்செய்வதைத் தீவார் அறிவர். காற்றுத் திடீரென விழுமாயின் அந்த ஆட்பாரமே தோணியைக் கவிழ்க்கும். அங்ஙனமே பல வருடக் குடியை ஒரே நாளில் நிறுத்தினவனுக்கு இரண்டாம் மூன்றாம் நாளிற் கைகால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வலிப்பு, இல்லாத உருவங்களைக் கண்டு அலறுதல் ஆகியன தோன்றும். 1813 ஆம் ஆண்டிலே தோமஸ் சட்டன் என்னும் ஆங்கில வைத்தியர் இதனை நடுக்கப்பிதற்றல் என்னும் பொருளுள்ள பெயரால் வழங்கினார். மருந்தின்றி விடின் உயிரே போகும். மருந்துண்டாயிற் பெரும்பாலார் பிழைப்பர். வீட்டாரோ அம்மன் தண்டித்தாள் என்றும் பேய் பிடித்ததென்றும் எண்ணி மந்திரிப்பவரைத் தேடுகின்றனர். அல்லது, நடுக்கம் நின்றதென்று மகிழ்ந்து மறுபடியும் ஒரு கிண்ணங் கொடுக்கின்றனர்.

ஆதலின் சத்தியஞ் செய்விக்க விரும்புவோர் அதற்கு முந்திய நாளில் அவரை வைத்தியரிடத்துக் கொண்டுபோய், எத்தனை வருடம், நாளொன்றுக்கு எவ்வளவு என்பதை மறையாது சொல்லுக. நிறுத்துதலை வைத்தியசாலையில் வைத்து, மருந்துடனும் தயமின் ஊசியுடனும் செய்விக்க. உபவாசத்தை விடுத்து, சோறும் பருப்பும் கொடுக்க. சந்நிதிக்கு அதன் பின்னர்ச் செல்லலாம். அம்மன் அங்கேதான் இருப்பாள். நெடுந்தீவார் இதில் மற்றையோரினும் விழிப்பாயிருத்தல் வேண்டும். குறிகட்டுவானுக்கு வரக் கடலிலே ஒரு மணிநேரமாகும். இரவில் வழமையான படகும் இல்லை. பிதற்றல் பெரும்பாலும் இரவிலேயே முற்றுகின்றது.